எழுதுபவரையும் வரைபவரையும் பிரித்து உட்கார வைத்தால் யோசனை எங்கிருந்து வரும்?

வரிக்காரன் (திங்கள் இரவு)

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஒன்பது வருடமாகக் காப்பிரைட்டர், அதாவது விளம்பரத்துக்கு வரி எழுதுகிறவன். பெயர் வேண்டாம். அதில் ஆறு வருடம், படத்தையும் பக்க அமைப்பையும் பார்க்கிற ஒரே ஆர்ட் டைரக்டரோடு வேலை செய்திருக்கிறேன். ஒரே மேசை, எதிரெதிர் நாற்காலி. போன மாதம் அலுவலகத்தையே மாற்றி அமைத்தார்கள். இனி யாருக்கும் சொந்த இடம் கிடையாது, காலையில் வந்து எந்த நாற்காலி காலியோ அதில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு பூல், அதாவது பொதுக்குழு, வரைகிறவர்கள் எல்லோரும் இன்னொரு பூல். வேலை வந்தால் அன்றைக்கு யார் கை காலியோ அவருக்குப் போகும். யோசனைக்கென்று வாரம் இரண்டு முறை பன்னிரண்டு பேர் கண்ணாடி அறையில் கூட வேண்டும்.

இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு ஒரு வேலையைச் சொல்கிறேன். ஒரு நல்லெண்ணெய்க்காரருக்குப் பத்திரிகை விளம்பரம். என்ன வேண்டும் என்று சொல்லும் வேலைக்குறிப்பான பிரீஃபில் தூய்மை, பாரம்பரியம், ஆரோக்கியம் மூன்றும் வேண்டுமாம். இரண்டு நாள் உட்கார்ந்தும் ஒன்றும் வரவில்லை. செக்கு, பாட்டி, மண்பானை என்று எல்லோரும் போடுவதையே நாங்களும் போட்டுக் கிழித்தோம். மூன்றாம் நாள் மதியம் கீழே கடையிலிருந்து மசால்வடை வந்தது. சாப்பிட்டு முடித்து, வடை சுற்றியிருந்த பேப்பரை அவர் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் பின்பக்கத்து எழுத்து தெரிந்தது. அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டார், சும்மா விளையாட்டாக. நான் "எங்கம்மாவோட சமையல் நோட்டுல புளிக்காய்ச்சல் பக்கம் இப்படித்தான் இருக்கும், எண்ணெய் ஊறி ஊறி எழுத்தே தெரியாது" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் வேறொரு தாளை இழுத்து, கோடு போட்ட நோட்டுப் பக்கம் ஒன்று, சாய்ந்த கையெழுத்து, வலது மூலையில் ஒரு கறை, அவ்வளவுதான் வரைந்தார். நான் கீழே "கறை அதிகமான பக்கம்தான் வீட்டுக்குப் பிடித்த பக்கம்" என்று எழுதினேன். கறையைப் பாட்டில் வடிவத்தில் வைக்கலாமே என்றும் கேட்டேன். "வேண்டாம், கறை கறையாவே இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. பாட்டில் வடிவம் வந்திருந்தால் அது விளம்பரமாகிப் போயிருக்கும், நோட்டாக இருந்திருக்காது.

அந்த யோசனை யாருடையது? எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. இப்போது அவர் மூன்றாம் மாடியில், நான் இரண்டாம் மாடியில். கண்ணாடி அறையில் பன்னிரண்டு பேர் முன்னால் வடைத்தாளை யார் தூக்கிப் பிடிப்பார்கள்? உங்கள் இடங்களில் எப்படி இருக்கிறது, இதை எதிர்த்து யாராவது பேசிப் பார்த்தீர்களா, சொல்லுங்கள்.

பழையலேஅவுட் (திங்கள் இரவு)

தம்பி, நான் 1980களில் மெட்ராஸில் ஆர்ட் டிபார்ட்மென்டில் சேர்ந்தவன். உங்கள் நிர்வாகம் புதிது என்று நினைத்துக்கொண்டு செய்கிற ஏற்பாடுதான் எங்கள் காலத்துப் பழைய ஏற்பாடு. காப்பி, அதாவது விளம்பர வாசகம், மாடியில் டைப் ஆகும். பியூன் கவரில் போட்டுக் கீழே கொண்டுவருவார். நாங்கள் அது அச்செழுத்தாக வந்த புரோமைடு தாளை வாங்கி, ரப்பர் சொல்யூஷன் தடவி, போர்டில் ஒட்டி, மேலே டிரேசிங் பேப்பர் மூடி அனுப்புவோம். எழுதியவர் முகத்தையே ஒரு வாரம் பார்க்காமல் வேலை முடிந்த நாட்கள் உண்டு. ஹெட்லைன் இரண்டு சொல் நீளம் என்றால் அதை வெட்டச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் கிடையாது. எழுத்தைச் சின்னதாக்கி அடைப்போம்.

அமெரிக்காவிலும் வெகுகாலம் இப்படித்தான். 1949ல் நியூயார்க்கில் டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம் தொடங்கியபோது பில் பெர்ன்பாக் செய்த பெரிய காரியம், எழுதுபவரையும் வரைபவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தது. அந்த ஏற்பாட்டில்தான் 1959ல் ஜூலியன் கோனிக் எழுத, ஹெல்மட் குரோன் வரைய, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு "சின்னதாக யோசி" விளம்பரம் வந்தது. அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். முக்கால்வாசிப் பக்கம் வெறும் வெள்ளை, மேலே இடது மூலையில் பொடியாக ஒரு கார். அந்த வரி இல்லாவிட்டால் வெள்ளை இடம் வீண், வெள்ளை இடம் இல்லாவிட்டால் அந்த வரிக்கு அர்த்தமில்லை. மாடிக்கும் கீழுக்கும் பியூன் நடந்து அந்தப் பக்கம் வந்திருக்காது. 1999ல் அட்வர்டைசிங் ஏஜ் இதழ் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த விளம்பர வரிசையில் அதைத்தான் முதலாவதாக வைத்தது.

சொந்த மேசையை எடுத்துவிட்டார்கள் என்பதைவிட அவரை வேறு மாடிக்கு அனுப்பியதுதான் எனக்குப் பெரிய தப்பாகத் தெரிகிறது.

ஒயிட்ஃபீல்டுவாசி (செவ்வாய் காலை)

மேசையை எடுத்ததும் சின்ன விஷயம் இல்லை சார். இதை முழுசாகச் செய்து பார்த்து விழுந்த கதை இருக்கிறது, அதுவும் விளம்பர நிறுவனத்திலேயே. ஆப்பிளின் 1984 மெக்கின்டாஷ் விளம்பரம் செய்த சியாட்/டே. 1994 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்தில் அதன் நிறுவனர் ஜே சியாட் எல்லோருடைய மேசையையும் அறையையும் எடுத்துவிட்டார். வேலை எங்கிருந்தும் நடக்கும், அலுவலகம் கல்லூரி வளாகம் மாதிரி இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். காலையில் வந்ததும் கவுன்டரில் லேப்டாப்பும் போனும் வாங்கிக்கொள்ள வேண்டும், சொந்தப் பொருளுக்கு ஒரு லாக்கர்.

நடந்தது என்ன? லேப்டாப் எல்லோருக்கும் போதவில்லை. காலையில் வரிசை. முந்தி வந்து எடுத்து லாக்கரில் ஒளித்து வைத்தார்கள். தாள்களையும் லேஅவுட்களையும் வைக்க இடமில்லாமல் கார் டிக்கியை அலமாரியாக்கிக்கொண்டார்கள். ஒரு பெண் குழந்தைகள் இழுத்து விளையாடும் சின்னச் சிவப்பு வண்டியில் தன் காகிதங்களைப் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தாராம். யாரைத் தேடினாலும் கிடைக்கவில்லை. நாலைந்து வருடத்தில் அதைக் கைவிட்டு, 1998ல் பெரிய கிடங்கு ஒன்றை மாற்றிக் கட்டி, மறுபடியும் ஆளுக்கொரு மேசை கொடுத்தார்கள். உங்கள் நிர்வாகத்துக்கு இந்தக் கதையை அனுப்பி வையுங்கள்.

சர்வீசிங்ஆள் (செவ்வாய் மதியம்)

நான் அந்தப் பக்கத்து ஆள், கிளையன்ட் சர்வீசிங், அதாவது விளம்பரம் கேட்கிற கிளையன்டுக்கும் அதைச் செய்கிறவர்களுக்கும் நடுவில் நிற்கிறவன். நிர்வாகம் ஏன் இப்படிச் செய்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். நியாயப்படுத்தவில்லை, காரணம் தெரிந்தால்தானே எதிர்த்துப் பேச முடியும்.

முன்பெல்லாம் ஏஜென்சிக்கு வருமானம் மீடியாவில் இருந்தது. பத்திரிகையில் 100 ரூபாய்க்கு இடம் வாங்கினால் 15 ரூபாய் கமிஷன். அந்தக் காசில் எழுதுபவருக்கும் வரைபவருக்கும் சம்பளம் போய், மூன்று நாள் வடை தின்றுகொண்டு யோசிக்கவும் இடம் இருந்தது. 1990களின் இறுதியிலிருந்து மீடியா வாங்குவது தனி நிறுவனங்களாகப் பிரிந்து போயிற்று, கமிஷனும் அதோடு போயிற்று. மிச்சமிருந்த கிரியேட்டிவ் ஆட்களுக்கு ரீடெய்னர் என்று மாதக் கட்டணம், அதையும் கிளையன்டின் பர்சேஸ் டிபார்ட்மென்ட் உட்கார்ந்து பேரம் பேசுகிறது. திருகாணி வாங்குகிற அதே ஆள். அவருக்கு மணிக்கணக்கு வேண்டும். அதனால் டைம்ஷீட். டைம்ஷீட் வந்தபிறகு ஒரு வேலைக்கு இரண்டு பேர் பெயர் இருந்தால் "ஏன் இரண்டு பேர்?" என்று கேள்வி வருகிறது. பூல் என்பது அந்தக் கேள்விக்கு அவர்கள் கண்டுபிடித்த பதில்.

ஆனால் கணக்கு அங்கேதான் தப்பாகிறது. என் கையில் வந்த வேலைகளில் பூலிலிருந்து வந்தவை குறைந்தது நாலு முறை ரீவொர்க் போகின்றன, ஏனென்றால் எழுதியவருக்குப் படம் தெரியாது, வரைந்தவருக்குப் பிரீஃபே தெரியாது. இரண்டு பேர் மூன்று நாள் யோசித்தது செலவாகத் தெரிகிறது. ஆறு பேர் பத்து நாள் திருத்தியது யார் கணக்கிலும் தெரிவதில்லை. வரிக்காரன், நிர்வாகத்திடம் பேசும்போது உணர்ச்சியைவிட இந்தக் கணக்கைக் கொண்டு போங்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. சர்வீசிங் ஆள் என்றால் தபால்காரன் என்று கிரியேட்டிவில் ஒரு நினைப்பு உண்டு. இந்திய விளம்பர உலகின் பெரிய பெயரான பியூஷ் பாண்டே 1982ல் ஓகில்வி நிறுவனத்துக்கு வந்தது சர்வீசிங் ஆளாகத்தான், எழுத்துப் பக்கம் போனது அப்புறம். வடைத்தாள் நாளில் உங்கள் சர்வீசிங் ஆள் அந்த மேசைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால், கிளையன்ட் முன்னால் அந்தக் கறைக்காக உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டிருப்பார். கடைசி நாளில் பிடிஎஃப் மட்டும் கையில் கொடுத்தால் எப்படிச் சண்டை போடுவது?

இரண்டாம்வரிசை (செவ்வாய் இரவு)

மும்பையில் தமிழ் எழுத்தாளர் வேலை. "லாங்வேஜ்" என்று எங்களைச் சொல்வார்கள், எங்கள் பெயரே அதுதான். நீங்கள் ஒரு மாடி பிரிந்ததற்கு வருத்தப்படுகிறீர்கள் அண்ணா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் நாங்கள் அந்த மேசைக்கு ஒரு நாளும் அழைக்கப்பட்டதே இல்லை.

எப்படி நடக்கும் என்றால், இந்தியிலோ ஆங்கிலத்திலோ இரண்டு பேர் யோசித்து, சி.டி. (கிரியேட்டிவ் டைரக்டர்) ஒப்புக்கொண்டு, கிளையன்ட் ஒப்புக்கொண்டு, படம் எடுத்து, எடிட் முடிந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு மெயில் வரும். "தமிழ் வேண்டும், காலை பத்து மணிக்கு டப்பிங்." முப்பது வினாடிப் படம். இந்தியில் "பேட்டா" என்று ஒரு பாட்டி கூப்பிடுகிறார், குளோசப். முதல் எழுத்தில் உதடு மூடித் திறக்கிறது. தமிழில் பாட்டி "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார், ஆனால் "கண்ணு"வில் உதடு மூடாது. அதனால் ப, ம வருகிற சொல்லாகத் தேட வேண்டும். "மக்களே" என்றால் நாகர்கோவில், "பாப்பா" என்றால் ஆள் வளர்ந்த பையன். ஒரு சொல்லுக்கு ஒரு மணி நேரம் போகும். தமிழ் வினைச்சொல் வேறு வாலோடு வரும், இந்தி நாலு நொடியில் சொன்னதை நாம் நாலு நொடியில் முடிக்க வாக்கியத்தையே உடைத்துக் கட்ட வேண்டும். இதையெல்லாம் நான் சந்தோஷமாகச் செய்வேன், இது என் தொழில்.

செய்ய முடியாதது வேறு. ஒரு வருடம் தீபாவளிப் படம். இரவு, மாடி நிறைய அகல் விளக்கு, குடும்பமே புதுத்துணியில், எல்லோரும் இருட்டில் ஸ்வீட் பெட்டியைத் திறக்கிறார்கள். தமிழில் எழுதித் தா என்றார்கள். நம்மூர் தீபாவளி விடிகாலை. இருட்டு இருக்கும்போதே எழுப்பி, தலையில் எண்ணெய் வைத்து, வெந்நீரில் குளித்து, மஞ்சள் தடவிய துணி உடுத்தி, லேகியம் தின்று, முதல் வெடி. இரவு ஆகும்போது வீடே தூங்கி வழியும். வரிசையாக அகல் ஏற்றுவது நமக்குக் கார்த்திகைக்கு. அந்தப் படத்துக்கு நான் என்ன வரி எழுதினாலும் தமிழ்நாட்டு வீட்டில் அது வேறு யாரோ கொண்டாடுகிற பண்டிகைதான். பிரீஃப் வந்த அன்றே என்னைக் கூப்பிட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். காலை எண்ணெய்க் குளியலை வைத்து எவ்வளவு நல்ல படம் எடுத்திருக்கலாம் தெரியுமா? எண்ணெய்க் கிண்ணம், தூக்கக் கண், அம்மாவின் விரல், உச்சந்தலையில் மூன்று சொட்டு.

படம் எடுத்த இரண்டு பேரும் நல்லவர்கள்தான். எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. அந்த ஏற்பாட்டில் நான் கடைசி ஆள், அவ்வளவுதான்.

வரிக்காரன் (செவ்வாய் நள்ளிரவு)

இரண்டாம்வரிசை, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் தமிழிலேயே யோசிக்கிற வேலையில் இருப்பதால் இது எனக்குப் படவே இல்லை. "மூன்று சொட்டு" என்று எழுதினீர்களே, அது ஏற்கெனவே ஒரு படம்.

பிளானர்அக்கா (புதன் காலை)

பன்னிரண்டு பேர் மீட்டிங் பற்றி. நான் பிளானிங்கில் இருக்கிறேன், பிரீஃப் எழுதுவது என் வேலை, இப்படிப்பட்ட மீட்டிங்குகளை நானே நிறைய நடத்தியிருக்கிறேன்.

பிரெய்ன்ஸ்டார்மிங் பிறந்ததே விளம்பர நிறுவனத்தில்தான். பி.பி.டி.ஓ. என்ற அமெரிக்க விளம்பர நிறுவனப் பெயரின் கடைசி எழுத்துக்கு உரியவரான அலெக்ஸ் ஆஸ்போர்ன் 1940களிலும் 50களிலும் அதை உலகம் முழுக்கப் பரப்பினார். கூட்டமாகக் கூடு, வாய்க்கு வந்ததைச் சொல், யாரையும் குறை சொல்லாதே, எண்ணிக்கைதான் முக்கியம் என்பது விதி. 1958லேயே யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் மூவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாலு பேர் கூடி யோசிப்பதையும், அதே நாலு பேர் அளவு ஆட்கள் தனித்தனியாக யோசித்து ஒரே மாதிரி வந்தவற்றைக் கழித்துக் கூட்டுவதையும் ஒப்பிட்டார்கள். தனித்தனியாக யோசித்தவர்களிடம்தான் அதிகம் வந்தது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1987ல் ஜெர்மனியில் டீல், ஷ்ட்ரோப இருவரும் காரணத்தைத் தேடினார்கள். முக்கியமான காரணம் எளிமையானது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போது வந்தது மறந்து போகும், அல்லது சொல்ல வேண்டாம் என்று தோன்றிவிடும்.

நான் என் மீட்டிங்கில் பார்த்ததும் அதுதான். பன்னிரண்டு பேர், ஒரு மணி நேரம். சி.டி. பத்து நிமிடம், சத்தமாகப் பேசுகிற இருவர் ஆளுக்குப் பத்து நிமிடம். மிச்சம் ஒன்பது பேருக்கு அரை மணி. அதில் மூலையில் உட்கார்ந்திருக்கிற இன்டர்ன் ஏதோ நோட்டில் எழுதி அடித்துவிடுவாள். ஒரு நாள் கூட்டம் முடிந்தபின் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அடித்திருந்த வரிதான் அன்றைய நாளின் நல்ல வரி. அதற்குப் பிறகு நான் மீட்டிங்கை மாற்றிவிட்டேன். பிரீஃபை முதல் நாளே கொடுத்துவிடுவேன், எல்லோரும் தனியாகவோ ஜோடியாகவோ எழுதிக்கொண்டு வரவேண்டும், சுவரில் பெயரில்லாமல் ஒட்டுவோம், அப்புறம்தான் பேச்சு. கூட்டம் யோசிக்க அல்ல, தேர்ந்தெடுக்க.

மார்க்கர்பேனா (புதன் மதியம்)

ஆர்ட் பக்கத்திலிருந்து ஒன்று. எங்கள் இடத்தில் இப்போது முதல் மீட்டிங்குக்கே மெருகேறிய படத்தோடு வருகிறார்கள். ஏஐயில் பத்து நிமிடத்தில் வெளிச்சம், நிழல், பாட்டி முகத்துச் சுருக்கம் எல்லாம் வந்துவிடுகிறது. நான் அதை வெறுக்கவில்லை, கிளையன்டுக்குக் காட்ட உதவுகிறது. ஆனால் பார்ட்னருக்கு முதலில் அதைக் காட்டக்கூடாது. பென்சில் ஸ்க்ரிப்பிளைக் காட்டினால் "இந்தக் கோடு என்ன, கையா?" என்று கேட்பார், அந்தக் கேள்வியில் வேறு ஒன்று பிறக்கும். முடிந்த படத்தைக் காட்டினால் நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை, இரண்டில் ஒன்றுதான் சொல்ல முடியும். நல்லெண்ணெய் நாளில் உங்கள் பார்ட்னர் ஒரு வட்டம்தானே போட்டார்?

ஜன்னலோரம் (புதன் இரவு)

எல்லோரும் ஜோடியை இவ்வளவு உயர்த்திப் பேசுகிறீர்கள், அதனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வரிக்காரன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் ஆர்ட் டைரக்டர். என் முதல் ஜோடி என்னைவிட ஆறு வயது பெரியவர், எழுதுபவர். அறைக்குள் நாங்கள் இருவரும் சமம். அறையை விட்டு வெளியே வந்ததும் அவர்தான் பேசுவார். கிளையன்ட் முன்னால் "எனக்கு ஒரு யோசனை தோன்றியது" என்பார். நான் பக்கத்தில் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவேன். மூன்று வருடம். விருதுப் பட்டியலில் என் பெயர் எங்கேயோ கீழே. அவர் வேறு இடம் போனபோது எங்கள் வேலை முழுவதும் அவர் போர்ட்ஃபோலியோவில் அவர் யோசனையாகப் போயிற்று. அது யாருடைய யோசனை என்று எங்களுக்கே தெரியாது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், படிக்க அழகாக இருக்கிறது, ஆனால் யாருடையது என்று தெரியாதபோது சத்தமாகச் சொல்பவருக்கே அது போய்ச் சேரும்.

மேலே ஒருவர் கோனிக்கைச் சொன்னாரே, அதே கோனிக்கும் ஆர்ட் டைரக்டர் ஜார்ஜ் லோயிஸும் 1960ல் கூட்டாக நிறுவனம் தொடங்கியவர்கள். பிற்காலத்தில் கோனிக், தன் வேலைகளை லோயிஸ் தன்னுடையவை என்று சொல்லிக்கொள்கிறார் என்று குற்றம் சாட்டினார். அந்தச் சண்டை இருவரும் கிழவர்களாகும் வரை ஓயவில்லை, 2009ல் அமெரிக்க வானொலியில் நிகழ்ச்சியாகவே வந்தது. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே இந்தக் காயம் ஆறவில்லை.

இன்னொன்று, ஆறு வருடம் ஒரே ஜோடி என்றால் புதிதாக வருகிற பிள்ளைகள் எங்கே நுழைவார்கள்? எங்கள் அலுவலகத்தில் நல்ல பிரீஃப் எல்லாம் இரண்டு பழைய ஜோடிகளுக்கே போகும். மற்றவர்களுக்கு தள்ளுபடி விளம்பரமும் பேனரும். பூல் வந்தபோது எங்கள் ஜூனியர்கள் சந்தோஷப்பட்டார்கள், அதுவும் உண்மை.

வரிக்காரன் (வியாழன் காலை)

தவறாக எடுக்கவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் பார்ட்னருக்குப் போன் செய்து கேட்டேன், "நல்லெண்ணெய் வேலையை கிளையன்டுக்கு யார் பிரசென்ட் பண்ணினோம்?" என்று. கொஞ்சம் யோசித்து, "நீதான், எல்லாமே நீதான் பண்ணுவ" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆறு வருடத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை. அவருக்குப் பேச வராது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கேட்டால், "நீ ஆரம்பிச்சிருவ, நான் எங்க பேசுறது" என்கிறார்.

ஜூனியர் விஷயமும் நியாயம். எங்கள் மேசையில் மூன்றாவது நாற்காலி ஒன்று எப்போதும் இருந்தது, அதில் பையை வைத்திருந்தோம்.

புதுக்கன்று (வியாழன் இரவு 1.40)

நான் சேர்ந்து ஏழு மாதம், ஜூனியர் காப்பி. இப்போது மணி பார்த்தீர்களா, இன்னும் அலுவலகத்தில்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிட்ச் பிரீஃப், அதாவது புது கிளையன்டைப் பிடிக்கப் போட்டி போடுகிற வேலை, வரும், திங்கள் காலை பிரசென்டேஷன், அந்த வேலைக்குக் கிளையன்ட் காசு கொடுப்பதில்லை என்று சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. இரவு ஒன்பது மணிக்கு முன்னால் கிளம்பினால் "என்ன, ஹாஃப் டே லீவா?" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிக்கிறேன். நீங்கள் எல்லோரும் யோசனையைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்கு யோசிக்கவே தலையில் இடமில்லை. அம்மா வேலையை விட்டுவிடு என்கிறாள். எனக்கு எழுதப் பிடிக்கும். என்ன செய்வது என்று தெரியவில்லை.

பழையலேஅவுட் (வெள்ளி காலை)

தங்கச்சி, முதலில் தூங்கு. உண்மையாகச் சொல்கிறேன். இரவு ஒரு மணிக்கு எழுதிய ஹெட்லைனை காலையில் நானே எத்தனை முறை கிழித்திருக்கிறேன்.

உன்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானில் டென்சு என்று மிகப் பெரிய விளம்பர நிறுவனம். 1951ல் அதன் தலைவர் எழுதிய பத்து விதிகள் அங்கே ஊழியர் கைப்புத்தகத்தில் இருந்தன. அதில் ஒன்று, எடுத்த வேலையைக் கொன்றாலும் விடாதே என்பது. 2015 டிசம்பரில் அங்கே சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத 24 வயதுப் பெண் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மாதத்துக்கு நூறு மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் செய்திருந்தார். அளவுமீறிய வேலையால் நேர்ந்த மரணம் என்று 2016ல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை ஏற்றுக்கொண்டது. அப்போதைய தலைவர் பதவி விலகினார். அலுவலகத்தில் இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பத்து விதிகளையும் கைப்புத்தகத்திலிருந்து எடுத்தார்கள். 2017ல் நீதிமன்றம் விதித்த அபராதம் 5 லட்சம் யென். ஒரு உயிர் போன பிறகு விளக்கை அணைத்தார்கள்.

உன் சி.டி.யிடம் போய் பேசு. தனியாகப் பேசப் பயமாக இருந்தால் உன் வயதுப் பிள்ளைகள் நாலு பேராகப் போங்கள். வீட்டில் அம்மாவிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல். இந்த வேலை இல்லாவிட்டாலும் உனக்கு எழுத்து இருக்கும்.

சர்வீசிங்ஆள் (வெள்ளி மதியம்)

புதுக்கன்று, இந்த ராத்திரி வேலையில் பாதிக்கு என் போன்ற ஆட்கள் பொறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். கிளையன்ட் "சீக்கிரம் வேணும்" என்பார், நாங்கள் அதை "நாளை காலை" என்று மொழிபெயர்த்துக் கீழே அனுப்பிவிடுவோம். ஒரு முறை துணிந்து "எதற்கு நாளைக்கு, நீங்கள் எப்போது பார்ப்பீர்கள்?" என்று கேட்டேன். "வியாழக்கிழமைதான் உட்காருவேன்" என்றார். அன்றைக்குத் திங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வேலைக்கும் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன், இதுவரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கிளையன்ட் பற்றி இன்னொரு விஷயம். அமுல் வெண்ணெய் விளம்பரப் பலகைகளைப் பாருங்கள். 1966ல் விளம்பரக்காரர் சில்வெஸ்டர் டகூன்யாவும் ஆர்ட் டைரக்டர் யூஸ்டேஸ் ஃபெர்னாண்டஸும் அதில் வரும் சிறுமியை உருவாக்கினார்கள். ஒவ்வொரு பலகையையும் முன்கூட்டிக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டாம் என்று அமுலை நடத்திய குரியன் விட்டுவிட்டார். பின்னாளில் ராகுல் டகூன்யா, எழுதுகிற மணிஷ் ஜாவேரி, வரைகிற ஜெயந்த் ரானே என்று மூன்றே பேர் வருடக்கணக்காகச் சேர்ந்து செய்தார்கள். நேற்று நடந்த கிரிக்கெட் மேட்ச் பலகையில் உடனே வருகிறதென்றால், நடுவில் பதினைந்து பேர் ஒப்புதல் சங்கிலி இல்லை என்பதால்தான். அது மாதிரி கிளையன்ட் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் ஒப்புதல் கொடுப்பவர் யார் என்று முதல் நாளே ஒரே ஒரு பெயரைக் கேட்டு வாங்குவது நம் கையில் இருக்கிறது.

வரிக்காரன் (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு)

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் பார்ட்னரும் நிர்வாகத்தைப் பார்த்தோம். சர்வீசிங்ஆள் சொன்னபடி உணர்ச்சியை வீட்டில் வைத்துவிட்டு, எங்கள் சர்வீசிங் பெண்ணையும் கூட்டிக்கொண்டு, ஜோடியாகச் செய்த எட்டு வேலைகளும் பூலில் செய்த எட்டு வேலைகளும் எத்தனை முறை திரும்பி வந்தன என்று எழுதிக்கொண்டு போனோம். பேசியது பார்ட்னர். நான் வாயைத் திறக்கவில்லை, சிரமமாகத்தான் இருந்தது. அவர் ஒரு தாளில் இரண்டு கோடு வரைந்து, ஒன்று ஜோடி வேலை, ஒன்று பூல் வேலை, எங்கெங்கே திரும்பி வந்ததோ அங்கங்கே ஒரு சுழி போட்டுக் காட்டினார். பூல் கோடு இடியாப்பம் மாதிரி ஆகிவிட்டது. பார்த்தவர்கள் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். பூல் போகவில்லை. மூன்று மாதத்துக்கு இரண்டு ஜோடிகள் மட்டும் சேர்ந்து உட்காரலாம், அதற்குப் பிறகு பார்ப்போம் என்றார்கள். இடம் கேட்டோம், இல்லை என்றார்கள். இரண்டாம் மாடியில் பழைய ஆர்ட்வொர்க் போர்டுகள் அடுக்கி வைத்திருந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்துகொண்டோம். ஜன்னல் இருக்கிறது, ஏசி சுமார்.

மூன்றாவது நாற்காலியில் இப்போது ஒரு டிரெய்னி உட்காருகிறாள். வேலை முடிந்ததும் தாளின் பின்பக்கத்தில் யார் யார் அந்த மேசையில் இருந்தோம் என்று பெயர்களை அகர வரிசையில் எழுதித் தேதி போட்டுவிடுகிறோம். ஜன்னலோரம், இது உங்கள் பதிவைப் படித்து வந்தது.

அப்புறம் ஒன்று. தீபாவளி பிரீஃப் வந்திருக்கிறது, நாலு மொழி. எங்களுக்கு வந்தது தமிழ். தெலுங்கு, கன்னடம், மலையாளம் எழுதுகிற மூவரையும் முதல் நாளே வீடியோவில் கூப்பிட்டுக் கேட்டோம், உங்கள் ஊரில் அன்றைக்கு முதலில் என்ன நடக்கும் என்று. மலையாளம் எழுதுகிறவர் "எங்களுக்கு ஓணம்தான் பெரிசு, தீபாவளிக்கு இவ்வளவு காசைக் கொட்ட வேண்டாம் என்று கிளையன்டிடம் சொல்லுங்கள்" என்றார். அதை அப்படியே கிளையன்டிடம் சொன்னோம், அங்கே இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம்வரிசை, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். எண்ணெய்க் கிண்ணத்தைப் பற்றித்தான். பார்ட்னர் வெள்ளிக்கிழமை ஒரு கிண்ணம் வரைந்துவிட்டுப் போனார், கிண்ணத்துக்குள் இன்னும் ஒன்றும் வரையவில்லை.